28 நாளில் மாதத்தை முடித்த வல்லவர்களுக்கு

செல்போன் கம்பெனிகளை நடத்தும் பெரியவர்களே, உங்கள் திறமையைப் பாராட்டி எழுதாமல் இருக்க முடியவில்லை. பஞ்சாங்கம் கணித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்தும் மார்கழியை 29 நாளுக்குக் கீழே இறக்க முடியவில்லை. ஆனி 32 வரை நீண்டுவிடுகிறது. நீங்களோ சித்திரை முதல் பங்குனி வரை எல்லா மாதத்தையும் 28 நாளில் முடித்துக் காட்டினீர்கள். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருடத்துக்கு 12 சம்பளம் வாங்குகிறவன் 13 ரீசார்ஜ் போடுகிறான். ‘மாசம் முன்னூறு ரூபாதானே’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டே போடுகிறான். கொடுக்கிறவனுக்கே தெரியாமல் ஒரு மாதப் பணத்தைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் இந்தக் கைநேர்த்தியை வேறு எந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு நாள் எண்ணத் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் போஸ்ட்பெய்டு பில்லை அவர்கள் எடுத்துப் பார்க்கட்டும். அங்கே மாதம் என்றால் காலண்டர் மாதம், ஒரு நாள் பிசகாது. பல பிளான்களில் மிச்ச டேட்டா அடுத்த பில்லுக்குப் போய்ச் சேரும். ப்ரீபெய்டிலோ பெரும்பாலும் அன்றன்றைய மிச்சம் நள்ளிரவோடு போய்விடும். காசை முன்கூட்டியே உங்கள் கையில் வைக்கிற சித்தாளுக்குக் குறை மாதம், பேசி முடித்த பிறகு கட்டுகிற மாதச் சம்பளக்காரருக்கு நிறை மாதம். இந்த நாட்டில் செல்போன் வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்டுதான். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் மாதத்தைச் சுருக்க வேண்டும் என்று கண்டுகொண்ட கூர்மையை என்னென்று சொல்வது!

சம்பளக்காரரையும் நீங்கள் வெறுங்கையோடு அனுப்பவில்லை. விளம்பரத்தில் 449 என்று போட்டிருக்கும். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 529 ரூபாய் 82 காசாக வந்து நிற்கும். ப்ரீபெய்டு விலையில் வரி அடக்கம், போஸ்ட்பெய்டு விலையில் வரி தனி. ‘எதுங்க லாபம்?’ என்று கேட்டு வருகிறவர் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் விடை கிடைக்காதபடி செய்திருக்கிறீர்கள். சாதாரண மூளைக்கு இது வராது.

ஆனாலும் உங்கள் பெருந்தன்மையை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ரீசார்ஜ் கடைக்குத்தான் போக வேண்டும்.

“போன மாசந்தானே தம்பி போட்டேன், அதுக்குள்ளயா?”

“வேலிடிட்டி முடிஞ்சிருச்சு ஆத்தா. 199 போடணும்.”

ஆத்தாவிடம் இருப்பது பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார். எழுத்து தெரியாது. 2-ஐ அழுத்திப் பிடித்தால் திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போகும்படி யாரோ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவன்தான் கூப்பிடுவான், இவர் எடுப்பார். 2003-இல் இன்கமிங் இலவசமானது. 2018 கடைசியில் அந்த இன்கமிங் தொடரவும் 28 நாளுக்கு ஒருமுறை 35 ரூபாய் போட வேண்டும் என்று ஆக்கினீர்கள். 2024 ஜூலையில் உங்களில் ஒருவர் அந்தக் குறைந்தபட்சத்தை 199 ஆக வளர்த்துவிட்டார். ஆத்தா வாங்கும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 200 ரூபாய் உயர்ந்து 1,200 ஆனது. உயர்ந்த அந்த 200 அப்படியே உங்களுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. வாங்கிக்கொண்டு சும்மாவா விட்டீர்கள்? இன்டர்நெட் இல்லாத போனுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு எஸ்எம்எஸ்ஸும் கொடுத்தீர்கள். கேட்காமலே கொடுக்கும் குணம் எத்தனை பேருக்கு உண்டு?

அரசாங்கச் சொல்லையும் நீங்கள் தட்டுவதில்லை. 30 நாள் பேக் ஒன்றாவது வைக்கச் சொல்லி 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட்டது. வைத்தீர்கள். 28 நாள் பேக்குகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு வைத்தீர்கள். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணை வந்தது. அதையும் கொண்டுவந்தீர்கள். 84 நாளுக்கு ஒருவர் 448, இன்னொருவர் 469. 28 நாளுக்கு என்று பார்த்தால் ஏறக்குறைய நூற்றைம்பதுதான், 199-ஐ விட நாற்பது ரூபாய்க்கு மேல் குறைவு. மொத்தமாக நானூற்றைம்பது கையில் வைத்திருப்பவருக்கு விலை குறைவு, இருநூறுதான் முடியும் என்கிறவருக்கு விலை அதிகம்.

கடைக்காரத் தம்பி 84 நாள் பேக்கைப் பற்றியும் சொன்னான். ஆத்தா கையிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு 199-க்கே போடச் சொன்னார். அவருக்கு 150 ரூபாயில் ஒரு பேச்சு பேக் போட உங்களுக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 84 நாளுக்கு அந்தக் கணக்கைப் போட்டவர்களே நீங்கள்தான். மூன்றால் வகுத்தால் வந்துவிடும்.