5 வோல்ட் வேண்டும், அதுவும் அசையாமல்!

கேள்வி: என் மகளின் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வத்துக்கு பேட்டரி வாங்கி மாளவில்லை. மாறாத 5 வோல்ட் தரும் பவர் சப்ளையை வீட்டிலேயே செய்யலாமா?
(வாசகர், டாக்குரியா, கொல்கத்தா)

பதில்: தாராளமாக! மகளோடு சாந்தினி சவுக்குக்குக் கிளம்புங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பொருள்களுக்குச் சென்னையில் ரிச்சி தெரு என்றால், கொல்கத்தாவில் அதுதான். 9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டயோடுகள், 2200 மைக்ரோஃபாரட் (25 வோல்ட்) கெபாசிட்டர், 7805 ஐ.சி. வாங்குங்கள். 7805-க்குக் கால்கள் மூன்று. ஆனால் 5 வோல்ட் விஷயத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்!

5 வோல்ட்டுக்கு 9 ஏன்? 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் சுமார் 12.7. டயோடுகள் 1.4-ஐ எடுத்துக்கொள்ளும். அரை ஆம்பியர் இழுத்தால் கெபாசிட்டரில் அலைவு 2.3 வோல்ட் வரை வரும். மிச்சம் 9. ஐ.சி.க்குக் குறைந்தது 7 தேவை. மீதி 2 வோல்ட், மின்சாரம் தளரும் மாலைகளுக்கான சேமிப்பு. பேராசையில் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், கூடுதலாகக் கிடைப்பது சூடு மட்டுமே. இப்போதே சுமார் இரண்டரை வாட் வெப்பமாகிறது. ஹீட் சிங்க் அவசியம்.

ஐ.சி.யின் உள்ளீட்டுக் காலருகே 0.33, வெளியீட்டுக் காலருகே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களை வையுங்கள். இல்லாவிட்டால் அது அலைபாயலாம்.

230 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸ் போட்டு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். அந்த வேலை அனுபவமுள்ள பெரியவருடையது. மல்டிமீட்டர் 5 காட்டிய பிறகே சர்க்யூட்டை இணையுங்கள். அந்த முதல் அளவை மகளே எடுக்கட்டும்.