ஆட்டக்கோட்டுக்குள் ஒரு குடித்தனம்

எங்கள் ஊர் லாபிஸில் பூப்பந்து ஆட டேவான் என்ற பொது மண்டபத்துக்குப் போகிறவர்கள் மட்டையோடு ஒரு விளக்குமாறும் கொண்டுபோவது நல்லது. முந்தின இரவு அங்கே யார் வீட்டுத் திருமணமோ நடந்திருக்கும். சர்வீஸ் கோட்டில் பாயாசம் சிந்திக் காய்ந்திருக்கும். அதை மிதித்துவிட்டால் அப்புறம் எதிராளி எங்கே அடித்தாலும் நாம் அங்கேயேதான். மறுவாரம் செராமா என்ற சொற்பொழிவு, பேசியவர் போயிருப்பார், நாற்காலிகள் போயிருக்காது. ரத்ததான முகாம் என்று தெரியாமல் மட்டையோடு போன என் கூட்டாளி, வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு, மைலோ குடித்துத் திரும்பினான்.

"ஆட்டம் என்னடா ஆச்சு?"

"ஒரு பை தோத்துட்டேன்."

மாமாவிடம் முறையிட்டேன். அவர் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கத்தை இழுத்தார். 1957 ஆகஸ்ட் 30 அன்று திறந்தார்கள். மறுநாளே பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே நின்று ஏழு முறை 'மெர்டேக்கா' முழங்கினார். 1975 மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டத்தில் இந்தியா 2-1 என்று பாகிஸ்தானை வென்றதும் அங்கேதான். அதே ஆண்டு ஜூலை 1 அன்று குத்துச்சண்டை மேடை வந்தது. முகம்மது அலியிடம் 15 சுற்றும் அடி வாங்கிக்கொண்டு ஜோ பக்னர் நின்றார். புல் நின்றதா என்று யாரும் கேட்கவில்லை. 1996இல் மைக்கேல் ஜாக்சன் வேறு வந்து ஆடிவிட்டுப் போனார். (அந்தத் திடலைப் பராமரித்தவரை யாராவது பேட்டி எடுத்திருக்கலாம்.)

"சுதந்திரம் வாங்கின இடத்துக்கே இத்தனை வேலை. நீ என்னடா பாயாசத்துக்கு அழுவுறே?" என்றார் மாமா.

அதற்குப் பிறகு நான் அழவில்லை. 2006 டிசம்பரில் எங்கள் சிகாமட் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, கோட்டின் அருமையே எனக்குத் தெரிந்தது. எங்களைக் கொண்டுபோய் இறக்கிய மண்டபத்திலும் தரையெல்லாம் பூப்பந்துக் கோடுகள். ஒரு களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்; நான்கு குடும்பங்கள் தாராளமாகப் பாய் விரிக்கலாம். எங்களுக்கு வலப்பக்க சர்வீஸ் கட்டம் கிடைத்தது. சொந்த வீட்டிலேயே எல்லைக்கல் எங்கே என்று தெரியாதவன் நான். இங்கே வெள்ளைச் சாயத்தில் பளிச்சென்று பட்டா. ஒற்றையர் கோட்டுக்கும் இரட்டையர் கோட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் செருப்பு வைத்தோம். அடுத்த கட்டத்துப் பையன் தூக்கத்தில் காலை நீட்டினால் என் மனைவி பாதி ராத்திரியில் "அவுட்!" என்பாள். அவன் அம்மா எழுந்து உட்கார்ந்து, "கோட்டு மேல பட்டா உள்ளதான் அக்கா," என்று சட்டம் பேசுவாள். விதிப்படி அவள் சொன்னதுதான் சரி.

வலையை யாரும் அவிழ்க்கவில்லை. 1.55 மீட்டர் உயரம், சேலை காயப்போட அளவெடுத்துக் கட்டியதுபோல இருந்தது. எதிர்க்களத்துப் பாட்டி ஒரு நாள் காலையில் வலையைத் தூக்கி, குனிந்து நுழைந்து எங்கள் பக்கம் வெற்றிலைக்கு வந்தார்.

"வழியில இதை ஏண்டா கட்டி வெச்சிருக்காங்க?"

"பூப்பந்து ஆடறதுக்குப் பாட்டி."

பாட்டி மண்டபம் முழுக்க ஒரு பார்வை பார்த்தார். "இங்கயா?"