வெந்நீருக்கு எதுக்குலே வெளம்பரம்?

ஏலே, அல்ஹாமாவுக்குப் போறியாம்லா? அல்ஹாமா தெ கிரனாடா. ஸ்பெயின் நாட்டுல, ஆந்தலூசியாவுல, மலை மேல குந்தியிருக்க பழைய ஊரு. நல்ல எடந்தான். போயிட்டு வா. ஆனா இது என்னலே, ஒரு பெட்டி நெறையத் துணி, ஒரு பெட்டி நெறைய கிரீமு, படம் புடிக்கக் கம்பு, கழுத்துல மாட்டத் தலகாணி? குளிக்கப் போறியா, குடித்தனம் பண்ணப் போறியா?

கேட்டா "வெல்னஸ் தாத்தா"ங்கே. ஒடம்புல இருக்க நஞ்செல்லாம் எறங்கிருமாம். அது எப்பம்லே ஏறுச்சு? நடுச்சாமம் வரைக்கும் போனைத் தடவுதே. பெறகு பரோட்டாவைப் பிச்சுப் போட்டுச் சால்னாவை ஊத்துதே. அதை எறக்கக் கடல் தாண்டிப் போகணுமோ? ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா ஒன் வீட்டுத் திண்ணையிலயே எறங்கிட்டுப் போவுது.

சரி, டிக்கெட்டு போட்டாச்சு. இனி பேசி என்னத்துக்கு? போற எடத்தைப் பத்திக் கொஞ்சம் காதுல வாங்கிக்கோ.

கிரனாடா நகரத்துல இருந்து தென்மேற்கால ஒரு மணி நேரம் காரு ஓட்டணும். கடல் மட்டத்துக்கு 850 மீட்டருக்கும் மேல ஊரு. ஆறு பாறையை அறுத்து அறுத்துச் செங்குத்தாப் பள்ளம் பண்ணி வச்சிருக்கு. அந்தூர்க்காரங்க அதைத் 'தாஹோ'ம்பாங்க. பள்ளத்து வெளும்புல வரிசையா வெள்ளை வீடுக. நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? வெளும்புல நின்னு ரெண்டு கையையும் விரிச்சு முதுகைக் காட்டிப் படம் எடுப்பே. பள்ளத்தைப் பாக்கதுக்குல்லாலே அம்புட்டுத் தூரம் போறது? ஒன் முதுகை நாங்க இங்கனயே பாத்துக்கிடுவோம்.

வெந்நீர் ஊத்து ஊருக்குள்ள கெடையாது. ஒரு மைல் போல தள்ளி, கீழ ஆத்தோரமா இருக்கு. இது என் சொல் இல்ல, 1350 வாக்குல அங்கன போன இப்னு பதூதா எழுதி வச்சிட்டுப் போன சேதி. ஆம்பளைக்கு ஒரு குளிப்புரை, பொம்பளைக்கு ஒரு குளிப்புரைன்னும் எழுதியிருக்காரு. அவரு யாருங்கே? அதுக்குச் சில வருசம் முந்தி நம்ம மதுரையை ஆண்ட சுல்தானுக்குச் சகலை. ஆமாலே, அக்கா தங்கச்சியைக் கட்டினவுக. மதுரையில கொள்ளைநோய் வந்து சனங்க செத்து விழுந்ததைக் கண்ணால பாத்துட்டு வந்த மனுசன். அரேபியா, டில்லி, இலங்கை, மாலத்தீவுன்னு பாதி ஒலகத்தைக் காலால அளந்தவரு, அல்ஹாமாவுக்குச் சில வரிதான் குடுத்தாரு. சின்ன ஊரு, நல்ல மசூதி, ஆத்தோரம் வெந்நீரு. முடிஞ்சு போச்சு. நீ காலைக் காப்பிக்கு மட்டும் நாலு படம் போடுவே.

தண்ணி எப்பிடிச் சுடுதுங்கதைக் கேளு. மலையில விழுந்த மழைத்தண்ணி சுண்ணாம்புப் பாறை வழியா ஆழத்துக்கு எறங்குது. உள்ள பூமிச் சூட்டுல காயுது. பாறை வெடிப்பு வழியா மறுபடி மேல ஏறி வருது. வரும்போது 47 டிகிரி. எரிமலை கிரிமலை ஒண்ணும் இல்ல. எவனாவது கண்ணை மூடிக்கிட்டுப் 'பிரபஞ்ச ஆற்றல்'னு ஒன் காதுல ஓதினா, ஒன் மடியைத் தடவிப் பாத்துக்கோ. பர்சு இருக்கான்னு.

ஊத்து மேல ஒரு குளியல் ஓட்டல் இருக்கு. 'பல்னியாரியோ'ம்பாங்க. அதுக்குள்ள அரபுக்காரங்க கட்டின பழைய குளிப்பு மண்டபம். லாட வளைவும் கூரையும் இன்னும் நிக்குது. அடியில ரோமானியர் காலத்து வேலை. அது பாக்க வேண்டிய பொருள்தான், நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா அதே வெந்நீரு வெளிய வழிஞ்சு ஆத்தோரக் குழிகள்ல தேங்கி நிக்கும். அதுக்குக் காசு கெடையாது. கெழடு கட்டையெல்லாம் கழுத்து மட்டும் தண்ணியில உக்காந்து நாட்டு நடப்பு பேசிக்கிட்டு இருக்கும். உள்ள வெள்ளை அங்கி மாட்டி, காதுல மெல்லிசா மியூசிக்கைப் போட்டுக் காசு வாங்குதானே, அவன் தண்ணியும் இதே பூமிக்குள்ள இருந்துதாம்லே வருது. முட்டிக்கு அங்கி தெரியுமா? முட்டிக்குச் சூடுதான் தெரியும்.

இந்த ஊருக்காக வெட்டிக்கிட்டுச் செத்தவுக கதை இருக்கு பாரு, அதான் கதை. 1482, பிப்ரவரி 28. காதிஸ் பிரபு ரொத்ரிகோ போன்சே தெ லெயோன் ஆளுக இருட்டோட இருட்டா மதில்ல ஏணியைப் போட்டு ஏறிட்டாங்க. உள்ள இருந்தவன் உறக்கத்துல. கிரனாடாவை ஆண்ட மூர் ராசா, அதான் அந்தச் சீமை முஸ்லிம் ராசா, மூலேய் அசென், சேதி கேட்டுப் பதறி அடிச்சுப் படையோட ஓடி வந்தாரு. அன்னைக்குத் தொடங்கின சண்டை 1492-ல கிரனாடா விழுந்த பெறகுதான் ஓஞ்சுது. அல்ஹாமா போச்சேன்னு ராசா பொலம்புத ஒரு பாட்டு ஸ்பானிய பாசையில இருக்கு. இங்கிலீஷ் கவி பைரன் அதை மொழிபெயர்த்தே போட்டாரு.

கூத்து எதுல தெரியுமா? கோட்டையைப் புடிச்சவனுக்கு உள்ள குடிக்கத் தண்ணி பத்தல. கீழ ஆத்துல எறங்கித்தான் மொள்ளணும். ஆத்தை மூர் படை மறிச்சுக்கிட்டது. ஒரு குடம் தண்ணிக்கு ஒரு ஆளு உசுரு. வெந்நீருக்குப் பேர் போன ஊரைப் புடிச்சவன் பச்சைத்தண்ணி இல்லாம நாக்குத் தள்ளி நிக்கான்! கடைசியில காப்பாத்த வந்தது யாரு? அவனோட பரம வைரி, மெதினா சிதோனியா கோமான். வருசக்கணக்குல வெட்டுக்குத்துன்னு கெடந்த பகையாளி, படையைத் தெரட்டிக்கிட்டு வந்து மீட்டான். சொந்தச் சித்தப்பனோட வாய்க்கா வரப்புக்காகப் பேசாம இருக்கியே, இதைக் கொஞ்சம் ரோசனை பண்ணு.

பெறகு அந்தக் கோட்டைக்குக் காவலா வந்தவன் தெந்தியா பிரபு. இவன்தாம்லே எனக்குப் புடிச்ச ஆளு. ஒரு அடைமழையில மதில் இடிஞ்சு ஓட்டை விழுந்துட்டு. வெளிய எதிரி. இவன் என்ன செஞ்சான்? பெரிய துணியை இழுத்துக் கட்டி, அதுல கல்லு கல்லா மதில் மாதிரியே சித்திரம் எழுத வச்சான். தூரத்துல நின்னு பாத்தவனுக்கு மதில் முழுசா இருக்குன்னே நெனப்பு. துணிக்குப் பின்னால ராவும் பகலுமா வேலை நடந்து நெசச் சுவரு எழும்பிட்டு. அந்தக் காலத்துச் சரித்திரக்காரங்க எழுதி வச்ச சேதி இது. நீயும் மூஞ்சிக்கு பில்டரு போடுதேல்லா? போடு, வேண்டாங்கலை. பின்னால எவ்வளவு சுவரு எழும்பியிருக்குலே?

அதே ஆளு, படைக்காரனுக்குக் கூலி குடுக்க வெள்ளிக் காசு இல்லாதப்போ, காகிதத் துண்டுல தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, 'இதான் காசு, வாங்காதவனுக்குத் தண்டனை'ன்னுட்டான். கடைக்காரன் மொனங்கிக்கிட்டே வாங்கினான். ஆனா சொன்ன சொல் தப்பாம, காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டு முழுக் காசையும் எண்ணிக் குடுத்துட்டான். இந்தக் காலத்துல தவணையில டூருக்குப் போற ஆளுகளை நெனச்சா எனக்குச் சிரிப்பா வருது. பேரு சொல்ல மாட்டேன். எதுத்தாப்புலதான் நிக்கான்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல. 1884, கிறிஸ்மஸ் அன்னைக்கு ராத்திரி அந்தச் சீமையே குலுங்கிட்டு. அரேனாஸ் தெல் ரேய்னு பக்கத்து ஊரு மண்ணோட மண்ணாப் போச்சு. சுத்துப்பட்டுல 800 பேருக்கும் மேல செத்தாங்க. அல்ஹாமாவுல வெளும்புல இருந்த வீடுக சரிஞ்சு விழுந்து தெருத்தெருவாப் பொணம். பனிக்காலம் வேற. அடுத்த மாசம் ராசா பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ நேருல வந்து பாத்தாரு. அந்தக் குலுக்கல்ல பழைய ஊத்துக்குப் பக்கத்துல புதுசா இன்னொரு வெந்நீர் ஊத்து கெளம்பிச்சுது. எந்த வெடிப்பு ஊரைச் சாய்ச்சுதோ, அதே மாதிரி வெடிப்பு வழியாத்தான் வெந்நீரும் வருது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தெருக்கள்ல நட. கொஞ்சம் மெதுவா நட.

எறங்கி வரும்போது பெரிய மாதாகோயிலைப் பாரு, மசூதி இருந்த எடத்துல எழுப்பினது. 1485-ல காயம்பட்ட படைக்காரங்களுக்குன்னு கட்டின 'ராணி ஆசுபத்திரி'யும் பக்கத்துலதான். பாத்தா போதும், பாடம் படிக்க வேண்டாம்.

இனி குளிக்கத புத்தி. ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்க. அங்கன சூடு தெரியாம ஒடம்பை விடாதே. ஊத்துக்குக் கிட்ட இருக்க குழி ரொம்பச் சுடும், ஆத்துத்தண்ணி வந்து கலக்குத குழி மட்டாச் சுடும். மொதல்ல ஒரு விரலு, பெறகு பாதம், பெறகு நீயி. கொஞ்ச நேரம் இருந்துட்டு ஏறிரு. வீரத்தைக் காட்டி ஒரு மணி நேரம் ஊறுனா தலை கிறுகிறுன்னு வரும், அப்பொறம் ஒன்னைத் தூக்குத வேலை அந்தக் கெழவிகளுக்கு. ரத்தக்கொதிப்பு இருந்தா வைத்தியன்ட்ட கேட்டுட்டு எறங்கு. பாசிக் கல்லு வழுக்கும், ரப்பர் செருப்பு போதும். துண்டு பழசா எடுத்துக்கோ. கோடை வெயில்ல போகாதே. குளிர்காலத்துக் காலையில ஆவி எழும்பும்போது உக்காந்து பாரு, அப்பந்தான் வெந்நீருக்கு மதிப்பு.

சாப்பாட்டு நேரம் முக்கியம். அங்கன மத்தியானச் சோறு ரெண்டு மணிக்கு மேல. பெறகு கடையைச் சாத்திப் படுத்துருவான். ராத்திரிச் சாப்பாடு ஒம்பதுக்கு. ஏழு மணிக்குப் போய் டின்னருன்னு நின்னா ஒன்னை ஒரு மாதிரியாப் பாப்பான். கொண்டைக்கடலையும் பன்னிக்கறியும் போட்டு அவிச்ச 'ஓயா' கெடைச்சா, ஒத்துக்கிட்டா, வயிறு நெறையத் தின்னு. ஆனா குளிச்ச பெறகு. தின்னுட்டு எறங்காதே.

போனை எங்கன வைக்கதுன்னு கேக்கியா? காருக்குள்ள வைய்யிலே. 47 டிகிரி தண்ணி ஒன் முட்டிக்குத்தான் நல்லது, அதுக்கு ஆகாது.