கீசர் அதிகாரி

மார்கழி பிறந்ததும் அடுக்குமாடி வீடுகளில் ஓர் அதிகாரி பதவியேற்கிறார். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, செல்போன் டார்ச்சை அடித்து, கீசருக்கு அடியில் இருக்கும் திருகைப் பார்த்து, "யாரு இதை 60-ல வெச்சது?" என்று கேட்பவர் அவர்தான். பதில் வராது. அன்று வீட்டம்மா தலைக்குக் குளிக்கும் நாள் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். திருகு 45-க்கு இறங்கும். கரண்ட்டை மிச்சம் பிடித்ததாக அவர் நினைப்பு. என்னைக் கேட்டால், அவர் கையில் பிடித்திருப்பது வெறும் அதிகாரம்தான்.

15 லிட்டர் கீசரையே எடுத்துக்கொள்ளலாம். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60-க்கு ஏற்ற, 2,000 வாட் காயிலுக்குச் சுமார் 18 நிமிடம் ஆகும், செலவு 0.6 யூனிட். 45 என்றால் பத்து நிமிடச் சொச்சம், 0.35 யூனிட்தான். அதிகாரி மீசையை முறுக்குவது இங்கேதான். ஆனால் 60 டிகிரியை அப்படியே யார் மேலுக்கு ஊற்றிக்கொள்கிறார்கள்? பச்சைத் தண்ணீர் விளாவி 40-க்குக் கொண்டுவந்தால் முதலாவதில் 35 லிட்டர் தேறும். இரண்டாவதில் 20 லிட்டர்தான். அடுத்து குளிக்க வேண்டியவர் துண்டோடு சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நிற்க, காயில் மறுபடி ஓடும். வாளிக்கு வாளி கணக்குப் பார்த்தால் செலவு ஏறக்குறைய ஒன்றே. இதே மனிதர் ஆபீசுக்கு நேரமாகிவிட்டால் சீக்கிரம் சுடட்டும் என்று திருகை முழுசாகத் திருப்புவார். காயிலின் வேகம் மாறாது. எங்கே நிறுத்துவது என்பது மட்டுமே திருகின் வேலை.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுமே என்பார். மாறும்தான். அதற்குக் குறைக்க வேண்டியது வாளிகளை. அந்தப் பேச்சை எடுத்தால் கடைசியாகப் போய் நிதானமாகக் குளிக்கும் அவருடைய வாளிகளையும் எண்ண வேண்டிவரும். நாள் முழுக்க சுவிட்சை அணைக்காத வீட்டில் திருகைத் தணிப்பது லாபம் என்பதும் சரி. இவர் வீட்டிலோ ஆள் உள்ளே சோப்புப் போடும்போதே சுவிட்ச் அணைந்துவிடுகிறது. போர்வெல் உப்புத் தண்ணீரில் சூடு ஏற ஏறக் காயிலில் உப்புப் படியும், 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும் என்ற இரண்டு நியாயங்களும் அவர் பக்கம் இருக்கின்றன. வேடிக்கை, அவற்றை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

சித்திரையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே சுட ஆரம்பித்ததும் கீசரில் அவருக்கு வேலை இல்லை. ஏ.சி. ரிமோட்டைக் கையில் எடுத்து, கம்பெனிக்காரன் 24-ல் வைத்து அனுப்பியதை 27-க்கு ஏற்றுகிறார்.