பாலைவனத்தில் வீடு வாங்கி நனைவது எப்படி?

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் வீடு பார்க்க மே மாதமே உத்தமம். வானத்தில் மருந்துக்கும் மேகம் இராது. ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 7 அங்குல மழைதான். கொல்லைப்புறத்தில் அகலமாக ஒரு மணல் பள்ளம் கிடக்கும். உள்ளூரில் அதற்கு 'வாஷ்' என்று பெயர். "பின்னால் யாரும் வீடு கட்ட முடியாது, நல்ல காற்றோட்டம்" என்பார் தரகர். ஏன் கட்ட முடியாது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்ல காரியத்தில் அபசகுனம்.

மணல்தானே, வந்த தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று நம்புங்கள். அங்கே பல இடங்களில் மண்ணுக்கடியில் 'கலீச்சி' என்கிற சுண்ணாம்புப் படிவம் சிமெண்டுபோல இறுகிக் கிடக்கிறது. மாதக்கணக்கில் காய்ந்த மேல்மண்ணும் ஒரேயடியாகக் கொட்டும் மழையைக் குடிக்காது. எங்கோ மலையில் பெய்தது வாஷ் வழியே இறங்கி வரும்போது உங்கள் மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கலாம்.

அடுத்து, அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வெள்ள வரைபடம். வீடு அபாயம் குறைந்த 'எக்ஸ்' பகுதியில் இருந்தால் பொதுவாக வங்கி வெள்ளக் காப்பீடு கேட்காது. வங்கியே கேட்கவில்லை, நமக்கென்ன! அபாயம் மிகுந்த 'ஏ' பகுதி என்றால் 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல் காதில் விழும். உடனே விரல்விட்டு எண்ணுங்கள். 2014 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் ஃபீனிக்ஸில் 3 அங்குலத்துக்கு மேல் கொட்டி, நெடுஞ்சாலையில் கார்கள் மூழ்கின. ஆக, 2114 வரை கவலையில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் குறுக்கே வருவார்கள்: ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருளாம், 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் அது சுமார் 26 சதவீதமாகிவிடுமாம். இப்படிப்பட்டவர்களைப் புதுமனைப் புகுவிழாவுக்கு அழைக்க வேண்டாம்.

சாதாரண வீட்டுக் காப்பீடு போதும் என்று இருந்துவிடுங்கள். குழாய் வெடித்துக் கூடம் நனைந்தால் பெரும்பாலும் பணம் வரும். தெருவிலிருந்து வெள்ளம் புகுந்தால் வராது. தண்ணீருக்கும் பூர்வீகம் பார்க்கிறார்கள். வெள்ளத்துக்கென்று 1968-இல் அமெரிக்க அரசு தொடங்கிய தனித் திட்டம் இருக்கிறது: வீட்டுக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளே இருக்கும் சாமான்களுக்கு 1,00,000 டாலர் வரை. சாமான்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும் என்பது சோபா மிதக்கும்போது நினைவுக்கு வந்தால் போதும்.

எடுப்பதென்று முடிவானால், தொலைக்காட்சியில் புயல்மேகம் சிவப்பாகத் தெரிகிற நாளில் எடுங்கள். பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும்; அதுவரை பொறுக்கும்படி வாஷிடம் சொல்லிக்கொள்ளலாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள். ஃபெமாவுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். வீட்டுக்குள் ஓர் அங்குலம் புகுந்தாலே 25,000 டாலர் வரை சேதம் என்கிறது.

நான் மிகவும் ரசித்த இடம், அந்தக் காப்பீட்டில் 'வெள்ளம்' என்பதற்குத் தரும் விளக்கம். வழக்கமாகக் காய்ந்திருக்கும் நிலம் 2 ஏக்கராவது மூழ்க வேண்டும். அல்லது உங்களுடையதோடு சேர்த்து இரண்டு சொத்துகளாவது நனைய வேண்டும். நீங்கள் மட்டும் தனியாக நனைந்தால் அது வெள்ளமே அல்ல. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது அளவுநாடாவும் கொண்டுபோய், பக்கத்து வீட்டு வாசற்படியின் உயரத்தை அளந்து பாருங்கள். உங்களுடையதைவிட உயரமாக இருந்தால் வேறு தெருவைப் பார்ப்பது நல்லது.