சிகரெட் கம்பெனி நடத்தின கலகம்

ஏலே பேராண்டி, பெல்பாட்டம் தைக்கக் குடுத்திருக்கியாமே? "அண்ணாச்சி, முழங்காலுக்குக் கீழ மட்டும் ஒரு ஆள் துணி போகுது. இது பேண்டா, பந்தலா?"ன்னு டெய்லர் என்கிட்ட வந்து கேக்கான். கேட்டபடி தைச்சுக் குடுய்யா, மழை வந்தா நாலு பேர் ஒதுங்கலாம்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

சைக்கெடலிக் ராக் குழு ஆரம்பிக்கப் போறியாம். நல்ல சோலிதான். 1970ல வாலிபனா இருந்திருக்கணும், அதுதான் பொற்காலம்னு ஆச்சிகிட்ட புலம்பினியாம். அந்தப் பொற்காலத்துக்குக் காபி ஊத்தினவன் உன் வீட்டுத் திண்ணையிலயே கிடக்கேன். ஒரு வார்த்தை கேட்டியா?

நான் அப்போ பம்பாய் மாட்டுங்காவுல ஒரு மெஸ்ஸுல எடுபிடி. பக்கத்துலதான் சண்முகானந்தா ஹால். நம்மாளுங்க சபா, 1963ல கட்டினது, ஏறக்குறைய 3,000 பேர் உக்காரலாம். எம்.எஸ். அம்மா பாடினா சனம் இருமலைக்கூட முழுங்கிட்டு உக்காந்திருக்கும். அதே மேடையில தோள் வரைக்கும் முடி வளத்த பயலுவ கிடாரோட ஏறுவானுவ. சிம்லா பீட் போட்டி. ஊர் ஊரா வடிகட்டி, கடைசிச் சுத்து பம்பாயில.

சிம்லான்னதும் மலைன்னு நெனச்சிராதே. சிகரெட்டு. இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியோடது. இன்னிக்கு ஐ.டி.சி.ன்னு பேரை மாத்திக்கிட்டு உங்க அம்மாவுக்கு ஆசீர்வாத் கோதுமை மாவு விக்கிறதும் அவங்கதான். அப்பன் பேச்சைக் கேக்கமாட்டேன், ஆபீஸ் வேலைக்குப் போகமாட்டேன், உலகத்தைப் புரட்டிப் போடுவேன்னு பயலுவ மேல நின்னு கத்துவானுவ. கீழ நடுவருங்க பேனாவைத் திறந்து மார்க் போடுவாங்க. கலகத்துக்கு முதல் பரிசு, ரெண்டாம் பரிசு! ஆகையினால எம் மொத புத்திமதி இதுதான்: பாட்டை அப்புறம் கட்டிக்கலாம், மொதல்ல ஒரு கம்பெனியைப் பிடி. சிகரெட்டு இப்ப ஆகாது, சட்டம் இருக்கு. குளிர்பானக்காரன் இருக்கான், செல்போன்காரன் இருக்கான். உன் கோபத்தை எந்த பாட்டில்ல ஒட்டினா விலைபோகும்னு அவனுக்கு நல்லாவே தெரியும்.

ஆனா சும்மா சொல்லக்கூடாது, பயலுவ கில்லாடிங்க. ஷில்லாங்ல இருந்து ஃபென்டோன்ஸ், கல்கத்தாவுல கிரேட் பேர், பம்பாயிலயே சாவேஜஸ். வெளிநாட்டுக் கிடாரு வேணும்னா கப்பல்ல போற மாமனோ, விமானக் கம்பெனியில மச்சானோ இருக்கணும். இல்லாதவன் ரேடியோ ரிப்பேர்க் கடையில ஆம்ப்ளிஃபயர் செஞ்சுக்குவான். சுத்தமா வர்ற சத்தத்தை வேணும்னே கரகரன்னு உடைக்கிறதுக்கு ஃபஸ்னு பேராம். எங்க மெஸ் ரேடியோ அதைச் சும்மாவே பண்ணும். நாங்கதான் வெவரம் இல்லாம அதுக்கு ரிப்பேர்னு பேரு வச்சிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம், ஒல்லியா ஒரு பையன் அடுப்படிக்கே வந்துட்டான். கையில கிடார் கம்பியை வளையமாச் சுத்தி வச்சிருக்கான். கொதிக்கிற தண்ணி வேணுமாம். ரசத்துக்கு ஏத்தியிருந்த பாத்திரத்தைக் காட்டினேன். கம்பியை அதுல போட்டு, குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னான். விரல் எண்ணெயும் வேர்வையும் கழண்டு தண்ணி பழுப்பாச்சு. இடுக்கியால எடுத்து, என் துண்டுலயே துடைச்சு, அங்கனயே கிடார்ல மாட்டி முறுக்கி ஒரு தட்டுத் தட்டினான். கணீர்னுது. புதுக் கம்பிக்கு அவன்கிட்ட காசு இல்லை, காசு இருந்தாலும் கடையில சரக்கு இல்லை. மாஸ்டர் அந்தத் தண்ணியைக் கொட்டினாரான்னு மட்டும் கேக்காதே. அன்னிக்கு ரசம் நல்லாத்தான் இருந்துச்சு.

நீ போன வாரம் கம்பியைச் செல்போன்லயே வரவழைச்சே. ஒரு நாள் பிந்திப்போச்சுன்னு கொண்டாந்த பயலுக்கு ஸ்டாரைக் குறைச்சே.

1972ல லெட் ஜெப்லின்ங்கிற வெளிநாட்டு ராக் குழுவோட பேஜும் பிளாண்டும் கொலாபாவுல ஸ்லிப் டிஸ்க்குங்கிற கிளப்புக்கு வந்து வாசிச்சிட்டுப் போனாங்க. அன்னிக்கு ராத்திரி நானும் அங்க இருந்தேன்னு சொல்றவங்க எல்லாத்தையும் உள்ள விட்டிருந்தா கட்டடத்துக்கு நாலு மாடி எழுப்பியிருக்கணும். நான் போகலை. பாத்திரம் கிடந்துச்சு.

பொறகு என்னாச்சுன்னு கேளு. பல பேரு விளம்பரத்துக்கு ராகம் போடப் போயிட்டான், சோப்பும் பற்பசையும் பாட்டுப் பாடுச்சு. பாடகர் நந்து பேண்டே மேடை நாடகத்துல யூதாசா நடிச்சுப் பேர் வாங்கினாரு. பெங்களூர்ல கிடார் தட்டின பிட்டு அதுக்கு முன்னாலயே லண்டன் போயி, பிற்பாடு டிஸ்கோவுல கொடி நாட்டினாரு. அந்த சிம்லா பீட் போட்டிக் குழுக்களோட பாட்டை 1970க்கு ஒண்ணு, 71க்கு ஒண்ணுன்னு இசைத்தட்டாப் போட்டிருந்தாங்க. அது நம்மூர்ல எத்தனை பழைய பேப்பர்க்காரன் தராசுல ஏறிச்சோ. ஐரோப்பாக்காரன் தேடிப் பிடிச்சு மறுபடி அச்சடிச்சான். அதைத்தான் நீ பவுன் விலைக்கு வரவழைச்சு, கையுறை போட்டுத் தொடுதே.

நம்ம மெட்ராஸ்ல பொறந்த ரமேஷ் ஷோத்தம்னு ஒருத்தரு, கேட்டியா. ஹ்யூமன் பாண்டேஜ்னு ராக் குழு வச்சு டிரம்ஸ் அடிச்சவரு. அவரு பிற்பாடு தவில் கத்துக்கிட்டாரு. அந்தத் தவிலைத் தூக்கிட்டு ஜெர்மனி போயி, ஜாஸ்காரங்களோட உக்காந்து வாசிச்சாரு. வெள்ளைக்காரன் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டான்.

நம்ம அம்மன் கோயில்ல வெள்ளிக்கிழமை தவறாம தவில் வாசிக்காரே, அவரை நீ பாத்திருக்கமாட்டே. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தானே அந்தப் பக்கம் போறே. அவருக்குத் தோள்பட்டை போச்சு, பையன்மாரு துபாய்ல. சொல்லிக்குடுக்க ஒரு ஆள் தேடுதாரு. என் பேரன் வாரான்னு சொல்லி வச்சிருக்கேன். காலையில அஞ்சு மணிக்கு. வெறும் வயித்தோட வரச் சொன்னாரு.