முருங்கைக்காய் மிஞ்சிய வீட்டாருக்கு ஒரு கையேடு

முருங்கை மரத்தை யாரும் வளர்ப்பதில்லை. யாரோ கொடுத்த கொம்பைக் கொல்லையில் ஊன்றி, மேல்முனையில் ஓர் உருண்டைச் சாணியை அப்பிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். அப்புறம் ஒருநாள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனால், கைப்பிடிச் சுவருக்கு மேலே நின்றபடி அது நம்மைப் பார்க்கிறது. காய்கள் உச்சியில், கை எட்டும் இடத்தில் வெறும் தண்டு. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டவர்களுக்கே இந்தக் கையேடு. இன்னும் நடாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

முதலில் கவாத்து. ஒடித்து வளர்க்காத முருங்கையையும் அடித்து வளர்க்காத பிள்ளையையும் சேர்த்துச் சொல்லும் பழமொழியில் பிள்ளையை விட்டுவிடுங்கள். முருங்கை விஷயம் சரியான தோட்டக்கலை. கன்று இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், பக்கக் கிளைகள் வெடிக்கும், மரம் குட்டையாக நிற்கும். நீங்கள் கிள்ளவில்லை. போகட்டும். காய்ப்பு ஓய்ந்த பிறகு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு மீதியை வெட்டித் தள்ளலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகத்துக்கு விவசாயிகள் செய்வது இதைத்தான். வெட்டிய இடத்திலிருந்து துளிர்த்து மறுபடி காய்க்கும்.

முறை எளிது. வீட்டில் அனுமதி வாங்குவதுதான் கடினம். காய் இருக்கும்போது அரிவாளை எடுத்தால், "காய்க்கிற மரத்த வெட்டுவாங்களாடா?" என்பார் பாட்டி. காய் ஓய்ந்த பிறகு எடுத்தால், "பூ வைக்கப் போற நேரத்துலயா?" என்பார். முருங்கைக்கு வருஷத்தில் இந்த இரண்டு நிலைகள்தான் உண்டு என்பதால், வெட்டுவதற்கு உரிய நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. எனவே பொறுப்பை வெளியாரிடம் விடுவது உத்தமம். மரத்தின் ஒரு கிளையாவது மின்கம்பியை நோக்கிப் போகட்டும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் லைன்மேன் வந்து, பாட்டியைக் கேட்காமலேயே காரியத்தை முடித்துவிடுவார். அவரும் வராவிட்டால் புயல் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கட்டணமின்றி இந்தச் சேவையைச் செய்தது. என்ன, அளவாகச் செய் என்று அதனிடம் சொல்ல முடியாது.

மரத்தில் ஏறலாமா என்று கேட்பீர்கள். வேதாளம் ஏறியது, உண்மைதான். அதற்கு எடை இல்லை. முருங்கைக் கிளை முறிவதற்கு முன் எச்சரிக்கைச் சத்தம்கூடக் கொடுக்காது, ஏணி சாய்க்கவும் லாயக்கில்லை. துறட்டியால் இழுங்கள். ஒரு காய்க்கு இழுத்தால் அந்தக் கிளையே கையோடு வரும். இதையும் கவாத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் தண்டின் மேல் கம்பளிப் போர்வை போர்த்தியது போலத் தெரிந்தால் தொட்டுப் பார்க்காதீர்கள். அது கம்பளிப்பூச்சி. அடர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே பட்டால் அன்றைய பொழுது சொறிவதிலேயே கழியும். கிராமத்தில் நீண்ட கழியில் பந்தம் கட்டி அவை கும்பலாக இருக்கும்போதே பொசுக்குவார்கள். நகரத்தில் பந்தத்தோடு மதில் ஓரம் நின்றால் பக்கத்து வீட்டார் வேறு மாதிரி நினைக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முருங்கையை வீட்டுக்கு முன்னால் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதற்குப் பேய் பிசாசு காரணம் தேட வேண்டாம். இந்தப் பூச்சியும் அந்தக் கிளையும் போதும்.

இனி முக்கியமான விஷயம், மிச்சக் காய். நன்றாகக் கவனித்த பி.கே.எம்.1 மரம் ஆண்டுக்கு 220 காய் வரை தரும் என்கிறார்கள். சாம்பாருக்கு மூன்று காய் என்று வைத்தால் 73 சாம்பார். இதை வருஷம் முழுக்கப் பரப்பிக் கொடுக்கும் நல்லெண்ணம் மரத்துக்குக் கிடையாது. கார்த்திகை மார்கழியில் மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்து, கடையில் முருங்கைக்காயைத் தங்கம் மாதிரி எண்ணி விற்கும்போது, உங்கள் மரம் இலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். பங்குனியில் ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கி விலை சரியும் அதே வாரத்தில் உங்களுக்கும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே கைவிடவும்.

சமையலில் முதல் வாரம் சாம்பார், காரக்குழம்பு, கூட்டு. இரண்டாம் வாரம் கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காயோடு பிரட்டல். மூன்றாம் வாரம் சதையை வழித்துத் தொக்கு. நான்காம் வாரம் ஆந்திர ஊறுகாய்க்குச் செய்முறை கேட்டு யாரையாவது பிடிப்பீர்கள். கீரையை உருவ அலுப்பாக இருந்தால், கொத்துகளை ஈரமில்லாமல் துணியில் இறுகச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானே உதிரும். நெய் உருக்கும்போது ஒரு கொத்துப் போடலாம். அதில் எவ்வளவு தீரும் என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் மகள் மொரிங்கா பொடியை டாலர் கொடுத்து வாங்கி, வீடியோ அழைப்பில் டப்பாவைக் காட்டி, "அம்மா, நீயும் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடணும்" என்பாள். அப்போது பின்னால் மரம் தெரியாதபடி உட்கார்ந்துகொள்ளுங்கள்.

விநியோகத்துக்கு வரிசை உண்டு. முதல் பறிப்பு, விரல் பருமனில் பிஞ்சாக இருப்பது, சம்பந்தி வீட்டுக்கு. அடுத்தது எதிர்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும். முற்றியது வாட்ஸ்அப் குழுவுக்கு. "வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்" என்று படத்தோடு போட்டால் கட்டைவிரல் குறிகள் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். நேரில்தான் போக வேண்டும். "அக்கா, நம்ம வீட்டு மரத்துக் காய்" என்று நீட்டும்போது எதிரில் இருப்பவர், "ஐயோ, எதுக்கு இவ்வளவு?" என்றால் இன்னும் இடமிருக்கிறது என்று பொருள். "நேத்து குடுத்ததே இருக்கு" என்றால் அந்த வீட்டுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பேசினால் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

ரகசியமாகச் செய்யவும் வழியில்லை. இரண்டடிக்கு மேல் நீளும் காய் எந்தப் பைக்குள்ளும் அடங்காது. 1983இல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' படமும் அதன் முருங்கைக்காய் நகைச்சுவையும் வந்ததிலிருந்து, பஸ்ஸில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு ஏறும் ஆணைப் பார்த்து யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். கூச்சமுள்ளவர்கள் பாதியாக ஒடித்து எடுத்துச் செல்லலாம். ஒடித்தால் சீக்கிரம் வாடும், அதனால் இறங்கிய உடனே கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு கண்டிப்பான விதி. காய் வாங்கும் வீட்டார் யாராவது, "ஒரு கொம்பு குடுங்களேன், நாங்களும் வெச்சுக்கிறோம்" என்று கேட்பார்கள். முகத்தைச் சுளிக்காமல், "கவாத்து பண்ணும்போது தரேன்" என்று சொல்லிவையுங்கள். அந்த நாள் பஞ்சாங்கத்தில் இல்லை என்று மேலே பார்த்தோம். தெரியாமல் தந்துவிட்டால் காய் வாங்கிக்கொள்ள ஒரு வீடு போயிற்று. அதோடு முடியாது. மறு பங்குனியில் அவர்கள் ஒரு கட்டோடு உங்கள் வாசலில் நின்று, "நீங்க குடுத்த கொம்புதான், எப்படிக் காய்ச்சிருக்கு பாருங்க!" என்பார்கள். வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும்.